நாராவிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

முட்டிவலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்டாயா, இல்லை இன்னும் தைலத்திலேயே காலத்தை ஓட்டுகிறாயா? காரணமாகத்தான் கேட்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

பெண் வீட்டில், ஒசாகாவில் இருக்கிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? அங்கிருந்து நாராவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. கியோட்டோவுக்கெல்லாம் முன்னால், 710இலிருந்து 784 வரை, நடுவில் சில வருடங்கள் தவிர்த்து, இதுதான் ஜப்பானின் தலைநகரம். ஊர் நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே பெரிய வெட்டவெளி, அதில் சிவப்புத் தூண்களோடு ஒரு வாசல். பழைய அரண்மனை இருந்த இடமாம். ராஜாங்கம் கிளம்பிப் போனதும் வயலாகிவிட்டது. இப்போது ரயிலே அதன் குறுக்கே ஓடுகிறது. வாசல்கூட 1998இல் புதிதாகக் கட்டியதுதான்.

ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடப்பதற்குள் மான்கள் வந்துவிடும். வேலி கிடையாது, கூண்டு கிடையாது. ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதாம். கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான்மேல் ஏறி இந்த ஊருக்கு வந்தார் என்று ஐதீகம். அதனால் யாரும் கை வைப்பதில்லை. தவிட்டிலும் மாவிலும் செய்த பிஸ்கட்டை வாங்கி நீட்டினால் தலையைக் குனிந்து வணங்குகிறது. ஆகா என்ன பணிவு என்று நினைப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொன்று என் துப்பட்டாவைச் சவைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினால், ஒன்றும் இல்லை என்று புரிந்துகொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறது. நம் கோயில் குரங்குகளுக்கு இந்த நாகரிகம் வரவே வராது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோதைஜி கோயிலின் பெரிய புத்தர். சுமார் 15 மீட்டர் உயரம், உட்கார்ந்த நிலையில், வெண்கலம். நான் பார்த்து மலைத்தது உயரத்தை இல்லை. 743இல் ஷோமு சக்கரவர்த்தி இந்தச் சிலைக்காக ஆணை போட்டபோது, ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவனைக்கூடத் தடுக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார். அப்புறம் 752இல் கண் திறப்பு. நம் ஸ்தபதிகள் கடைசியாகச் செய்வார்களே, அதே சடங்கு. அதை நடத்தி வைத்தவர் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் கையிலிருந்த தூரிகையில் நீளமான நீலக் கயிறுகளைக் கட்டியிருந்தார்களாம். கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கண் திறந்த புண்ணியம் எல்லாருக்கும் சேரட்டும் என்று. அந்தத் தூரிகையும் கயிறும் கோயிலின் பழைய கருவூலமான ஷோசோயின் சேகரிப்பில் இன்றும் இருக்கின்றன. படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. தேர் வடத்தை இரண்டு விரலாலாவது தொட்டுவிட வேண்டும் என்று நாம் முண்டியடிப்போமே, அந்த ஆசைதானே இது!

ஆனால் 752இல் செய்த புத்தரில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 1180இல் போரில் மண்டபம் எரிந்தது, 1567இல் மறுபடி எரிந்தது. தலையே பிற்காலத்தில் வார்த்து வைத்தது. இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. முதலில் இருந்ததைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அப்படியும் 57 மீட்டர். இதை யாரும் மறைப்பதில்லை. பழைய மண்டபம் எப்படி இருந்தது என்று உள்ளேயே மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். கூரைக்கு ஓடு கொடுக்கிறவர்கள் தூரிகையால் பேர் எழுதித் தரவும் ஒரு மேஜை இருந்தது. நானும் பணம் கட்டி என் பேரையும் உன் பேரையும் தமிழில் எழுதினேன். மை கொஞ்சம் வழிந்து உன் ‘ல்லி’ அழிந்த மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்.

ஒரு தூணின் அடியில் சதுரமாக ஒரு ஓட்டை உண்டு. புத்தரின் மூக்குத் துவாரம் அதே அளவு என்கிறார்கள். அதில் நுழைந்து வெளியே வந்தால் நல்லதாம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று நுழைவார்களாம். நம் உடம்புக்கு அதெல்லாம் ஆகாது.

இப்போது உன் முட்டி. மண்டபத்துக்கு வெளியே சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று, பின்சுரு என்று பேர். புத்தரின் சீடர். உனக்கு எங்கே வலியோ, அவர் உடம்பில் அதே இடத்தைத் தடவி, பிறகு உன் உடம்பில் தடவிக்கொள்ள வேண்டும். முகத்தில் விரிசல் விழுந்து, பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறார். எட்டி அவர் முட்டியைத் தடவினேன், உனக்காக. என் முட்டியில்தான் தேய்த்துக்கொள்ள முடிந்தது. பார்சலில் அனுப்ப வழியில்லையே!

சாப்பாடுதான் திண்டாட்டம். காய்கறிச் சூப் என்று தைரியமாக வாங்கினால் அதிலும் மீன் போட்டுக் காய்ச்சிய சாறு. பெண் கட்டிக் கொடுத்த புளியோதரைதான் காப்பாற்றியது. அதையும் மான் பார்க்காத இடமாகத் தேடி உட்கார வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கியோட்டோ. உன் மருமகள் கேட்ட மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளை அங்கே வாங்குகிறேன், எத்தனை டப்பா என்று கேட்டுச் சொல். ஊசி விஷயத்தையும் எழுது, மழுப்பாதே.

அன்புடன்,
வசந்தா