தாமே பதிப்பிக்கும் எழுத்தாளரின் சுதந்திரம் எதுவரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தம் நூல்களைத் தாமே வெளியிடும் எழுத்தாளர்களைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, பதிப்பாளரின் வாசலில் காத்துக் கிடந்த காலம் முடிந்துவிட்டது என்றும், எழுதுபவர் இனி யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்றும் சொல்லி முடிகின்றன. இவற்றுள் முதலாவது உண்மை, இரண்டாவது உண்மையன்று. புதிதாக எழுத வருபவர்கள் இரண்டையும் ஒருசேர நம்பி, படித்தே பார்க்காத ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் அளித்துவிடுகிறார்கள். நானும் என் நூல்களை நானே வெளியிட்டு வருபவன் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கிடைத்திருக்கும் சுதந்திரம் சிறியதன்று. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் மின்னூல் படிப்பதற்கான கிண்டில் கருவியை அறிமுகப்படுத்தியபோதே, எழுத்தாளர்கள் தம் நூலை நேரடியாக ஏற்றி விற்கும் வசதியையும் திறந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் சொந்தமாக நூல் வெளியிடக் கையில் முதல் வேண்டும். அந்த முதலை இழக்கவும் துணிய வேண்டும். மார்க் ட்வைன் 1884-இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கி, அமெரிக்க அதிபராக இருந்த கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டார். அத்தகைய வெற்றிக்குப் பிறகும் அந்தப் பதிப்பகம் 1894-இல் திவாலானது. அச்சுக்கூலி, காகிதம், கிடங்கு, விற்காமல் திரும்பும் பிரதிகள் ஆகியவற்றின் சுமை இன்று தாமே பதிப்பிப்பவரின் தலையில் விழுவதில்லை. வாசகர் கேட்கும்போது ஒரே ஒரு பிரதியைக்கூட அச்சிட்டு அனுப்ப முடிகிறது. எதை எழுதுவது, எப்போது வெளியிடுவது, பதிப்புரிமையை யாரிடம் வைத்துக்கொள்வது என்பனவற்றை எழுதியவரே முடிவு செய்கிறார். இவற்றில் எதையும் நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

ஆனால், நூல் வெளியாவது வேறு, அது வாசகரைச் சென்றடைவது வேறு. வெளியிடுவதற்கு இன்று யாருடைய அனுமதியும் தேவையில்லை. விலை வைப்பதற்கும், வாசகரின் கண்ணில் படுவதற்கும், விற்ற பணம் கைக்கு வந்து சேர்வதற்கும் அனுமதி தேவைப்படுகிறது. விலையையே எடுத்துக்கொள்வோம். மின்னூல் விற்பனையில் 70 விழுக்காடு எழுத்தாளருக்கு என்று அமேசான் 2010-இல் அறிவித்தபோது, நூலின் விலை 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் 35 விழுக்காடுதான். விலையைத் தீர்மானிப்பவர் எழுத்தாளர் என்றுதான் பெயர். வருமானத்தில் பாதியை இழக்கச் சம்மதிப்பவருக்கே அந்த உரிமை முழுமையாகக் கிடைக்கிறது. 2025 ஜூனில், அமேசானில் 9.99 டாலருக்கும் குறைவான விலையுள்ள அச்சு நூல்களுக்கு எழுத்தாளரின் பங்கு 60 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. அது பேசி முடிவு செய்யப்பட்டதன்று, அறிவிக்கப்பட்டது. பதிப்பாளருடன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் இப்படி மாற்றிவிட முடியாது என்பதை, பதிப்பாளர்களைக் குறைகூறும் நாம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இதைவிட என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது 2014 ஜூலையில் தொடங்கிய கிண்டில் அன்லிமிடெட், அதாவது மாதச் சந்தா கட்டி மின்னூல்களைப் படிக்கும் அமேசானின் திட்டம். தாமே பதிப்பிப்பவர் அதில் தம் நூலைச் சேர்க்க வேண்டுமானால், 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறு கடைகளில் விற்கவோ வாசகருக்கு இலவசமாகத் தரவோ கூடாது. தம் சொந்த இணையதளத்தில்கூட ஒரு சிறு மாதிரிப் பகுதிக்கு மேல் வைக்கக் கூடாது. அவராக விலகாவிட்டால், 90 நாள்கள் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே நீண்டுவிடும். தொடக்கத்தில், சந்தாதாரர் ஒருவர் நூலில் பத்து விழுக்காட்டைப் படித்தாலே எழுத்தாளருக்கு ஒரு தொகை கிடைத்தது. முப்பது பக்க நூலுக்கும் முந்நூறு பக்க நூலுக்கும் அதே தொகை என்றவுடன் சிறு நூல்கள் பெருகின. நீண்ட நாவல்கள்கூடத் துண்டு துண்டாக வந்தன. 2015 ஜூலையில் கணக்கு மாறியது. அன்றுமுதல் படிக்கப்பட்ட பக்கங்களுக்கே பணம். அண்மை ஆண்டுகளில் அது பக்கத்துக்கு அரை அமெரிக்க சென்ட்டைக்கூடத் தொடுவதில்லை என்பதோடு, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு என்பது அந்த மாதம் முடிந்த பிறகே தெரியவரும். சிறுகதையும் குறுநாவலும் எழுதியவர்களின் வருமானம் சட்டெனச் சரிந்தது. பெருநாவல் எழுதியவர்களுக்கு ஏறியது. உடனே சிலர் பழைய கதைகளைப் புதிய நூலின் பின்னால் ஒட்டிப் பக்கங்களைப் பெருக்கினார்கள். 2016-இல் ஒரு நூலுக்கு 3,000 பக்கங்களுக்கு மேல் கணக்கில் வராது என்று உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு கதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கதைக்குள்ளிருந்து வர வேண்டிய முடிவு. எழுத்தாளரின் சுதந்திரத்தில் மிக அந்தரங்கமான பகுதி அதுதான். அதையே ஒரு நிறுவனத்தின் பணப் பட்டுவாடா விதி இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை வெவ்வேறு திசைகளில் இழுத்திருக்கிறது. கையெழுத்துப் பிரதியில் ஐம்பது பக்கங்களைக் குறையுங்கள் என்று சொன்ன பதிப்பாசிரியர்மீது நமக்கு வந்த கோபம், இந்த விதிகள்மீது ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பதிப்பாசிரியர் குறைந்தபட்சம் நூலைப் படித்துவிட்டுத்தான் சொன்னார்.

நூலைப் படித்தே பார்க்காதவர்களும் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறார்கள். 2012-இல் பேபால் நிறுவனம், சில வகைப் பாலியல் புனைவுகளை நீக்காவிட்டால் பணப் பரிமாற்றச் சேவையை நிறுத்திவிடுவதாக ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்னும் மின்னூல் தளத்துக்குக் கெடு விதித்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே இறங்கி வந்தது. 2013 அக்டோபரில், ஆட்சேபத்துக்குரிய சில நூல்களைப் பற்றிச் செய்தி வெளியானதும், கோபோ என்னும் மின்னூல் விற்பனை நிறுவனம் தன் பிரிட்டிஷ் கடையிலிருந்து தற்பதிப்பு நூல்கள் அனைத்தையும் மொத்தமாக எடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கத் தொடங்கியது. எந்தக் குற்றமும் செய்யாத சமையல் நூலும் குழந்தைக் கதையும் அந்த நாள்களில் விற்பனையில் இல்லை. பதிப்பகங்களின் நூல்களுக்கு அந்தக் கதி நேரவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆள் பலமும் வழக்கறிஞரும் உள்ளவரிடம் விசாரித்துவிட்டு நடவடிக்கை எடுப்பார்கள். தனியாக நிற்பவரிடம் நடவடிக்கை எடுத்துவிட்டுத்தான் விசாரிப்பார்கள்.

பெரும் புகழ் பெற்றவருக்கும் இந்த எல்லை உண்டு. அமெரிக்க மிகுபுனைவு நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2022-இல் நான்கு நாவல்களுக்காக, கிக்ஸ்டார்ட்டர் என்னும் பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளம் மூலம் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஆனால், பதிப்பகங்கள் வழியே பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாசகர்கள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள் என்பதை அந்தச் செய்தியைப் பாராட்டியவர்கள் பலர் சொல்லவில்லை. அந்த நாவல்களின் ஒலிநூல்களை, அமேசானின் ஒலிநூல் விற்பனை நிறுவனமான ஆடிபிளுக்கு அவர் தர மறுத்தார். அங்கே மட்டும் விற்கச் சம்மதிக்கும் தனி எழுத்தாளருக்கு 40 விழுக்காடு, மற்ற இடங்களிலும் விற்பவருக்கு 25 விழுக்காடு என்று அப்போது இருந்த பங்கீடு நியாயமற்றது என்றார். பங்கீட்டு முறையை மாற்ற அந்த நிறுவனம் முன்வந்த பிறகே, 2024-இல் அவர் இணங்கினார். அவர் மறுத்ததால் பேச்சு நடந்தது. நாமும் நம்மைப் போன்ற ஆயிரம் பேரும் தனித்தனியே மறுத்திருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

பதிப்பாசிரியர் இல்லாமல் போனதையும் நான் இழப்பாகவே கருதுகிறேன். கூலி கொடுத்துச் செம்மையாக்கம் செய்துகொள்ளலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால், என்னிடம் பணம் பெறுபவர் பிழை திருத்துவார், வாக்கியத்தைச் சீராக்குவார். இந்த நூலை இன்னும் ஓராண்டு வெளியிடாதீர்கள் என்று சொல்வது அவருக்குக் கடினம். சொன்னாலும், கேட்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

இதனால் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கைவசம் உள்ள சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளச் சில வழிகள் உண்டு; அவற்றைப் பெரும்பாலோர் அவசரத்தில் கைவிடுகிறார்கள். விற்பனைத் தளம் இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணை, பயன்படுத்தும் பதிப்பை அதே எண்ணோடு வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. தம் பெயரில் எண் பெற்றுக்கொள்பவருக்கு அந்தத் தடை இல்லை. ஒரே தளத்துக்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தை முதல் நாளே ஏற்க வேண்டிய அவசரமும் இல்லை. வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்களின் சம்மதத்தோடு தாமே சேர்த்து வைத்திருப்பவர், கணக்கு முடக்கப்பட்ட மறுநாளும் தம் வாசகரிடம் பேச முடியும். ஒப்பந்த மாற்றங்களை எதிர்த்துப் பேச எழுத்தாளர் சங்கங்களில் சேர்வதும் அவசியம். ஒலிநூல்களைக் கேட்டு முடித்துவிட்டுத் திருப்பித் தருபவர்களுக்கான தொகையை எழுத்தாளரின் கணக்கில் கழிக்கும் வழக்கத்தை ஆடிபிள் 2021-இல் ஓரளவுக்கேனும் மாற்றியது, எழுத்தாளர்கள் சேர்ந்து எழுப்பிய குரலால்தான்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மதிப்புரைக்கு நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பதிப்பகத்தின் பெயர் இல்லை என்பதற்காகவே தற்பதிப்பு நூல்களை ஒதுக்கிவிடாதீர்கள். சலுகை எதுவும் வேண்டாம். மற்ற நூல்களுக்குக் காட்டும் கண்டிப்பையே எங்களுக்கும் காட்டுங்கள். விற்பனைத் தளங்களின் தரவரிசையும் விளம்பரமும் அல்லாத ஒரு வழியில் நல்ல தற்பதிப்பு நூல்கள் வாசகருக்குத் தெரியவர இன்று இருக்கும் மிகச் சில இடங்களில் தங்கள் மதிப்புரைப் பக்கமும் ஒன்று.

இப்படிக்கு,
தம் நூல்களைத் தாமே வெளியிட்டுவரும் ஓர் எழுத்தாளர்