டேலியா கிழங்க எப்ப தோண்டறது

கண்ணு,

நீ அனுப்பின போட்டோ எல்லாம் பாத்தேன், அந்த காஃபே ஓ லே டேலியா தட்டு அளவுக்கு பூத்திருக்கறத அப்பா ஃபோன்ல பெருசு பண்ணி பண்ணி பாத்துட்டு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைக்கும் போயி காட்டிட்டு வந்துட்டாரு. நல்லா வந்திருக்கு, நான் இவ்ளோ எதிர்பாக்கல. ஆனா கடைசில ஒண்ணு எழுதியிருந்தியே, நம்ம வீட்டுல மாதிரி குளிர்காலத்துல கிழங்க மண்ணுலயே விட்டுடலாம்ல மான்னு, அத படிச்சிட்டுத்தான் வாய்ஸ் நோட் போடாம ஒக்காந்து டைப் பண்றேன், வாய்ஸ் நோட்னா நீ பாதி கேட்டுட்டு விட்டுடுவ. விடக்கூடாதுடி. டொரான்டோ பக்கத்துல மண்ணுல விட்டா ஏப்ரல்ல தோண்டி பாக்கறப்ப கொழகொழன்னு நாறிப்போன கூழுதான் கையில வரும்.

இங்க விடறோமேன்னா, அது இந்த ஊரு குளிர்காலம் அப்படி. தென்னாப்பிரிக்காவுல, நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை பெருசா கிடையாது, மண்ணு காஞ்சி கெடக்கும், என்னைக்காவது பனி விழுந்தாலும் காலையில புல்லு மேல வெள்ளையா தெரியும், வெயில் ஏறினா போயிடும், நாலு இன்ச் கீழ இருக்கற கிழங்குக்கு அது எட்டறதே இல்ல. டேலியாவோட சொந்த ஊரு மெக்சிகோ மலைப்பக்கம், அங்கயும் கோடையிலதான் மழை, குளிர்காலம் வறட்சி. அதனாலதான் உங்க ஆயா வேலி ஓரமா நட்டது இன்னும் தானா வந்துட்டு இருக்கு. மெக்சிகோக்காரங்க 1963ல அத தேசியப் பூவாவே ஆக்கிட்டாங்களாம், ஆனா பழைய காலத்துல அந்த கிழங்க சமைச்சி சாப்பிட்டிருக்காங்க, நீ ட்ரை பண்ணாத.

உன் ஊருல கதை வேற. அங்க மண்ணே உறைஞ்சி போகுது. கிழங்கு முக்கால்வாசி தண்ணிதான, உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சா சதை ஒடஞ்சிடும், அப்புறம் கரைஞ்சிதான் போகும். சரி மேல வைக்கோலு, எலைன்னு ஒரு அடி போட்டு மூடறேன்னு சொல்லுவ, சில பேரு அப்படி பண்ணி தப்பிக்கறாங்க. ஆனா அக்டோபர் நவம்பர்ல உனக்கு மழை, மார்ச்ல பனி உருகி தண்ணி நிக்கும், உன் பாத்தி களிமண்ணுன்னு நீயே சொன்ன. குளிருக்கு தப்பிச்சாலும் ஈரத்துல அழுகிடும். டேலியாவ கொல்றதுல பாதி குளிரு, பாதி ஈரம், உன் கிட்ட ரெண்டுமே இருக்கு.

இப்ப இங்க செப்டம்பர், எனக்கு கிழங்கெல்லாம் மொளைக்க ஆரம்பிச்சிருக்கு, பிரிக்க வேண்டியத அக்டோபர்ல நடணும். அதே அக்டோபர்ல நீ தோண்டணும். ஆறு மாசம் தள்ளி வெச்சிக்கிட்டீன்னா நான் இங்க பண்ற எல்லாத்தையும் நீ காப்பி அடிக்கலாம், இந்த குளிர்கால விஷயம் ஒண்ண தவிர.

இன்னும் ரெண்டு மூணு வாரம் பூ இருக்கும் உனக்கு, அத வீணாக்காத. மொக்கா வெட்டி வெச்சா வீட்டுல விரியும்னு நெனைக்காத, ரோஜா விரியும், டேலியா விரியாது, செடியில எவ்ளோ தொறந்திச்சோ அவ்ளோதான். முக்கால்வாசிக்கு மேல விரிஞ்சதத்தான் வெட்டணும். பூவ திருப்பி பின்னாடி இதழ தொட்டு பாரு, கெட்டியா இருந்தா வெட்டு, தொங்கி காயித மாதிரி ஆயிருந்தா அது ஜாடிக்கு ஆகாது, கிள்ளி போட்டுடு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வாளியில தண்ணியோட போ. தண்ட நீளமா வெட்டு, பக்கத்து மொக்கு போகுதேன்னு பாவம் பாக்காத, கீழ இருந்து வெட்டினாத்தான் அடுத்த தண்டும் நீளமா வரும், நீ மேலாக்க கிள்ளிக் கிள்ளி வெச்சிருக்கறது போட்டோலயே தெரியுது, அதான் எல்லாம் குட்டை குட்டையா இருக்கு. வெட்டினத நல்ல சூடான தண்ணியில, கொதிக்க வேணாம், 70 80 டிகிரி போதும், அடித்தண்டு ரெண்டு இன்ச் முங்கறாப்புல நிக்க வெச்சி அது தானா ஆறுற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஜாடிக்கு மாத்து. அஞ்சு நாள் நிக்கும், அதுக்கு மேல ஆசப்படாத, தண்ணிய தினம் மாத்தணும்.

வாடின பூவுக்கும் புது மொக்குக்கும் வித்தியாசம் தெரியாம நல்ல மொக்க கிள்ளிப் போடுறவங்க நெறைய பேரு. உருண்டையா கெட்டியா இருந்தா மொக்கு. கூம்பா நீண்டு, அமுக்கினா ஈரமா மெத்துனு இருந்தா அது முடிஞ்ச பூ.

உன் பூவ அரிச்ச அந்த பச்ச வண்டு ஜாப்பனீஸ் பீட்டில்தான், காலையில மந்தமா இருக்கறப்ப சோப்பு தண்ணியில தட்டி விடு. இங்க எனக்கு சி.எம்.ஆர் வண்டு, கருப்புல மஞ்ச பட்ட போட்டது, நடுப்பூவையே தின்னுட்டு போகும், வெறுங்கையால நசுக்கினா தோலு கொப்புளிச்சிடும். அது போதாதுன்னு குரங்கு வேற, மொக்க பறிச்சி கடிச்சி பாத்து துப்பிட்டு போகுதுங்க. உனக்கு குரங்கு இல்லல்ல, சந்தோஷப்படு.

சரி தோண்டற விஷயத்துக்கு வரேன், இத நிதானமா படி.

அவசரப்படாத. பகல் 12 மணி நேரத்துக்கு கீழ கொறைய ஆரம்பிச்சாத்தான் டேலியா கிழங்கு வேகமா தடிக்கும், அதாவது செப்டம்பர் கடைசியில இருந்து உனக்கு மண்ணுக்கு கீழ வேலை நடக்குது. பூ கொறையுதேன்னு இப்பவே புடுங்கினா ஒல்லிக் கிழங்குதான் கெடைக்கும், அது ஜனவரிக்குள்ள சுருங்கி செத்துடும். ஒரு நாள் ராத்திரி நல்ல உறைபனி விழுந்து காலையில செடி மொத்தமும் கருத்து தொங்கும், பாத்தா வயிறெரியும், ஆனா அதான் உனக்கு சிக்னல். தண்ட நாலு அஞ்சு இன்ச் விட்டு வெட்டு. ஒரு வாரம் வரைக்கும் மண்ணுலயே இருக்கட்டும், அப்பத்தான் மொளை கிளம்பற கண்ணு தூக்கிட்டு தெரியும். ஆனா தண்டு உள்ள வெறும் குழாய், மழ பேஞ்சா தண்ணி அது வழியா நேரா நடுவுக்கு எறங்கி அங்கயே அழுக வெக்கும், அதனால வெட்டின முனைய ஃபாயில் வெச்சி மூடு. மழ விடாம பெய்யிற மாதிரி ஃபோர்காஸ்ட் இருந்தா ஒரு வாரமெல்லாம் காக்காத, எடுத்துடு.

எடுக்கறப்ப மம்பட்டி வேணாம், ஃபோர்க். தண்டுல இருந்து ஒரு அடி தள்ளி நாலு பக்கமும் குத்தி மெதுவா நெம்பு. தண்ட புடிச்சி இழுக்காத, இழுத்தா கிழங்கு தண்டோட சேருற கழுத்து ஒடையும். இது உருளக்கெழங்கு இல்ல. உருளக்கெழங்குக்கு ஒடம்பெல்லாம் கண்ணு, டேலியாவுக்கு தண்டும் கிழங்கும் சேருற எடத்துல மட்டும்தான் கண்ணு, முகப்பரு கிளம்பறதுக்கு முன்னாடி தோலு லேசா தூக்கிட்டு இருக்குமே அந்த மாதிரி இருக்கும். எவ்ளோ கொழுத்த கிழங்கா இருந்தாலும் கழுத்து ஒடஞ்சிருந்தா, மேல கண்ணு இல்லன்னா, அது மொளைக்கவே மொளைக்காது. போன வருஷம் கடையில பாக்கெட்ல வாங்கி மூணுல ஒண்ணு வரலைன்னு பொலம்பினியே, அநேகமா அதான் காரணம், நீ தண்ணி ஊத்தாததுனால இல்ல.

இப்ப பிரிக்கறதா மார்ச்ல பிரிக்கறதான்னு ரெண்டு கட்சி உண்டு. இப்ப தண்டு மெத்துனு இருக்கும், கத்தி சுலபமா எறங்கும், ஆனா பழகாதவங்களுக்கு கண்ணு தெரியாது. மார்ச்ல கண்ணு பளிச்சினு தெரியும் ஆனா நடுத்தண்டு கட்ட ஆயிடும், வெட்டறதுக்குள்ள கை போயிடும். நீ தோண்டி வெக்கறது இதான் மொத தடவ, பேசாம கொத்தா அப்படியே வெச்சிடு, மார்ச்ல வீடியோ கால் போடு, எங்க வெட்டணும்னு நான் சொல்றேன். வேருல முண்டு முண்டா கட்டி மாதிரி எதாவது இருந்தா மட்டும் அந்த கொத்த முழுசா குப்பையில போடு, கம்போஸ்ட்ல போடாத, கத்திய ப்ளீச் தண்ணியில கழுவு.

மண்ண ஒதறிட்டு லேசா ஹோஸ் தண்ணி காட்டி, தலகீழா கவுத்து கராஜ்ல ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி காய விடு, தண்டுக்குள்ள இருக்கற தண்ணி வடியணும். அதுக்கு மேல காய விட்டா கிழங்கு சுருங்க ஆரம்பிச்சிடும். அப்பவே மார்க்கர் எடுத்து கிழங்கு மேலயே பேர எழுதிடு. பேப்பர் சீட்டு எழுதி வெக்கறது வேஸ்ட், மார்ச்ல எது காஃபே ஓ லே எது கெல்வின் ஃப்ளட்லைட்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

வெக்கறதுக்கு அட்டப்பொட்டி போதும். வெர்மிகுலைட்னு லேசான கனிமத் துகள் விப்பாங்களே அது, இல்லன்னா கூண்டு எலிக்கு போடற மரச்சுருள், கிழங்கு ஒண்ணோட ஒண்ணு ஒரசாம நடுவுல போட்டு மூடு, ஒண்ணு அழுகினா பக்கத்துக்கு தொத்தாது. பொட்டிய எங்க வெக்கறங்கறதுதான் பெரிய விஷயம். 4 டிகிரிக்கு கீழயும் போகக்கூடாது, 10 டிகிரிக்கு மேலயும் போகக்கூடாது. பேஸ்மென்ட்னு சொன்ன உடனே நீ ஃபர்னஸ் பக்கத்துல காலி எடம் இருக்கேன்னு அங்க கொண்டு போயி வெப்ப, எனக்கு உன்ன தெரியும். அங்க காஞ்சி வத்தலாயிடும். வெளிச்சுவரு ஓரமா, சிமெண்ட் தரையில நேரா வெக்காம ஒரு பலக போட்டு வெய்யி. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி பொட்டிக்குள்ள போட்டு ஒரு வாரம் பாரு, கராஜ் நவம்பர்ல நல்லாத்தான் இருக்கும், ஜனவரில உறைஞ்சிடும்.

அப்புறம் மறந்துடக் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவ தொறந்து கைய விட்டு தடவி பாரு. சுருங்கியிருந்தா ஸ்ப்ரே பாட்டில்ல லேசா தண்ணி அடி. மெத்துனு பழுப்பா இருந்தா வெள்ள சதை தெரியற வரைக்கும் சீவி எறிஞ்சிட்டு பட்டப்பொடி தடவி காய வெச்சி திருப்பி வெய்யி. நடுவுல இருக்கற பழைய தாய்க்கிழங்கு அழுகறது சகஜம், அதுக்கு பயப்படாத. பாதி பேருக்கு கிழங்கு போறது பனியில இல்ல, கிறிஸ்மஸ்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் பொட்டிய யாரும் தொறக்காததுனாலதான்.

ஏப்ரல்ல வெளிச்சத்துக்கு கொண்டு வா, மே மாசம் வர்ற விக்டோரியா டே லீவுக்கு நடு, அதுக்கு முன்னாடி வேணாம். மொளை வெளிய தெரியற வரைக்கும் தண்ணி ஊத்தாத. கம்ப நடறப்பவே ஊனிடு, அப்புறம் ஊனினா கிழங்குல குத்தும். ஒரு அடி வளந்ததும் நுனிய கிள்ளு. ஒர மூட்டையில போட்டிருக்கற மூணு நம்பர்ல மொத நம்பர் சின்னதா இருக்கணும், அதுதான் நைட்ரஜன், அது ஜாஸ்தி ஆனா எலை கொழிக்கும், பூ வராது, கிழங்கும் தண்ணியா இருந்து குளிர்காலம் தாங்காது. ஆயா காலத்துல கோழி எருவ கூட கூடயா கொட்டுவாங்க, அவங்க அப்பா காய்கறி தோட்டக்காரரு, கோழி எருவ தவிர எதையும் நம்பமாட்டாரு. நான் அத கொறச்சிட்டு நடறப்ப 2:3:2, மொக்கு வர்றப்ப 3:1:5ன்னு மாத்தினேன், ஆயா ஒரு வாரம் என் கிட்ட பேசல. ஆனா அந்த வருஷம் குட் ஃப்ரைடே தீமிதிக்கு லாங்மார்க்கெட் ஸ்ட்ரீட் கோயிலுக்கு அவங்களேதான் பூவ ரெண்டு கையும் கொள்ளாம எடுத்துட்டு போனாங்க.

ஆயாவோட அந்த செவப்பு டேலியாவ கேட்டிருந்த. கிழங்கா போஸ்ட்ல அனுப்ப முடியாதுடி, வேரோட இருக்கற எதுவும் சர்டிபிகேட் இல்லாம கனடாக்குள்ள விடமாட்டாங்க, சூட்கேஸ்ல சுருட்டி வெச்சி எடுத்துட்டு வர்ற யோசனையும் வேணாம். வெதை அனுப்பலாமேன்னு அப்பா சொல்றாரு. டேலியாவுக்கு குரோமோசோம் எட்டு செட்டு, நமக்கெல்லாம் ரெண்டுதான், வெதையில இருந்து வர்றது தாய மாதிரி இருக்கவே இருக்காது, மஞ்சளா வருமோ ஒத்த இதழா வருமோ. ஆயாவோட செவப்பு கிழங்குலயும் கட்டிங்லயும் மட்டும்தான் வரும். அதனால இந்த வருஷம் அத பிரிச்சி தம்பி வீட்டுலயும் ஒரு பங்கு நட போறேன், ஒரே வேலி ஓரத்துல இருக்கறது எனக்கு பயமாவே இருக்கு, ஒரு ஆலங்கட்டி மழைக்கு தாங்காது. நீ வர்றப்ப ரெண்டு எடத்துலயும் பாரு. சர்டிபிகேட்டுக்கு யாரு கிட்ட போகணும்னு தம்பிய விசாரிக்க சொல்லியிருக்கேன்.

தோண்டற அன்னைக்கு ஃபோன் பண்ணு, ஆனா சனிக்கெழம காலையில வேணாம், புரட்டாசி, எனக்கு தளிகை போடற வேலை இருக்கும்.

அம்மா

மாப்பிள்ள ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேல வெக்கலாம்னு சொன்னாராமே, வேணாம்னு சொல்லு. காஞ்சி போகும், அது கூட பரவால்ல, உங்க வீட்டுல யாராவது சேப்பங்கிழங்குன்னு நெனச்சி புளிக்கொழம்புல போட்டுடுவீங்க.