பாப்பாவின் கைகள்

அன்புள்ள கதிருக்கு,

இங்கு அனைவரும் நலம். மருமகளும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறோம். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, "பாப்பாவுக்கு வந்தது எங்கள் குழந்தைக்கும் வருமா அப்பா?" என்று தொலைபேசியில் நீ கேட்டபோது, அம்மா அருகிலேயே இருந்ததால் பிறகு பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால் மருமகளும் படிக்கலாம் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் பதில். உன் தங்கை பாப்பாவுக்கு வந்தது ரெட் நோய்க்குறி என்ற மூளை வளர்ச்சிக் குறைபாடு; அவளிடமிருந்தோ உன்னிடமிருந்தோ அது உங்கள் குழந்தைக்கு வருவதற்கு வழியில்லை. ஊரில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் உள்ள அபூர்வமான வாய்ப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் உன் குழந்தைக்கும். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினான்கு மாதத்தில் பாப்பா கூடத்தில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்த பொரியைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது உனக்கு நினைவிருக்கும். இரண்டாம் பிறந்த நாளுக்குள் அந்த விரல்கள் எதையும் எடுக்க மறந்தன. "அம்மா", "காக்கா" என்ற சொற்கள் போயின. இரண்டு கைகளும் மார்புக்கு நேரே சேர்ந்து, சோப்புப் போட்டுக் கழுவுவதைப் போல ஓயாமல் பிசையத் தொடங்கின. முதலில் பார்த்த மருத்துவர் ஆட்டிசம் என்றார். ரெட் நோய்க்குறி என்ற பெயர் அவளுடைய எட்டாம் வயதில், மரபணுப் பரிசோதனைக்குப் பிறகுதான் எங்கள் காதில் விழுந்தது.

அந்தக் கைகளிலிருந்துதான் இந்த நோயின் வரலாறே தொடங்குகிறது. 1954-இல் வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட், தம் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகள் தத்தம் தாயின் மடியில் அமர்ந்து ஒரே விதமாகக் கைகளைப் பிசைவதைக் கண்டார். 1966-இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதியதை வெளியுலகில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1983-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் ஹாக்பெர்க்கும் மற்ற நாட்டு மருத்துவர்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகே ரெட்டின் பெயர் இந்த நோய்க்கு நிலைத்தது. 1999-இல் ஹூஸ்டனில் ஹூதா ஸோக்பியின் ஆய்வகம் காரணத்தைக் கண்டுபிடித்தது: எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.இ.சி.பி.2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது நேர்கிறது.

இந்த மரபணு தரும் புரதம், மூளையின் உயிரணுக்களில் மற்ற மரபணுக்கள் எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் அவற்றில் ஒன்று அடங்கிவிடுவதால், பாப்பாவின் உடலில் சரியானவையும் பிழையானவையும் கலந்திருக்கின்றன. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. அம்மாவுக்குச் செய்த பரிசோதனையில் அந்த மாற்றம் இல்லை. உன்னிடம் அது இருந்திருந்தாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையாகத் தெரிந்திருக்கும். உன்னிடம் இல்லாததை நீ யாருக்கும் கொடுக்க முடியாது.

இனி நான் சொல்லக் கூசும் பகுதி. கிரகணத்தன்று அம்மா வாசலுக்கு வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அப்பத்தா சொன்னதையும், "அவர்கள் வீட்டு ரத்தம்" என்று உன் அத்தை சொன்னதையும் நீயும் கேட்டு வளர்ந்தாய். நான் மறுக்கவில்லை, உள்ளூர நானும் அப்படியே நம்பினேன் என்பதுதான் உண்மை. மரபணு ஆலோசகர் எதிரே உட்கார்ந்தபோதுதான், 100-இல் 99 குழந்தைகளுக்கு இந்த மாற்றம் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே நேர்கிறது என்றும், அதுவும் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேர்கிறது என்றும் தெரிந்துகொண்டேன். எழுத்துப் பிழையைப் போன்ற அதற்கு யாரும் குற்றவாளி அல்லர் என்றார் அவர். எங்களுக்கு அது எந்தப் பக்கம் நேர்ந்தது என்று நாங்கள் சோதிக்கவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளும் தன்மேல் சுமத்தப்பட்டதை வாய் திறக்காமல் சுமந்தவள் அம்மா. அன்று பேருந்தில் வீடு திரும்பும்வரை அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உங்கள் குழந்தை எப்படிப் பிறந்தாலும் மருமகளிடம் யாரும் இப்படிப் பேச நீ இடம் கொடுக்காதே.

பாப்பாவுக்கு விழிப்பு இருக்கிறது என்பதை எங்களுக்குக் காட்டியவன் நீதான். நீ பன்னிரண்டு வயதில், "தண்ணீர்ச் செம்பைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள், திரும்பவும் செம்பைப் பார்க்கிறாள்" என்றாய். கண்ணால் பேசுவது இந்தப் பிள்ளைகளின் இயல்பு என்று பின்னர் மருத்துவர்கள் விளக்கினார்கள். இன்றும் இடியாப்பத்தையும் வாழைப்பழத்தையும் இரு பக்கமும் காட்டினால், அவள் பார்ப்பதையே கொடுக்கிறோம். மூச்சை அடக்கிக்கொள்வதும் வலிப்பும் மட்டுப்பட்டிருக்கின்றன. முதுகெலும்பு வளைவுதான் கூடிவருகிறது.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். டிரோஃபினெடைட் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது உண்மையே. அது நோயைத் தீர்ப்பதன்று, சில அறிகுறிகளைக் குறைப்பது. பலருக்கு வயிற்றுப்போக்கும் வருகிறது. அதைவிட எனக்கு ஆறுதல் தருவது, 2007-இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் குழுவினர் எலிகளில் அந்த மரபணுவை மீண்டும் செயல்பட வைத்தபோது, முற்றியிருந்த அறிகுறிகள்கூடப் பெருமளவு விலகியது. மூளையின் உயிரணுக்கள் அழிந்துவிடவில்லை, காத்திருக்கின்றன என்று அதற்குப் பொருள். எலிக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் கைகளைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வருகிறது.

பாப்பாவின் பரிசோதனை அறிக்கையின் நகலையும் அம்மாவின் அறிக்கையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே ஒரு மரபணு ஆலோசகரிடம் காட்டி, நான் எழுதியதை அவர் வாயாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டே இதை அனுப்புகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பொரி இல்லை, அவல்" என்று மட்டும் திருத்தினாள்.

அன்புடன்,
அப்பா