ருவான் லிங்யூ கட்டுரைல நிருபர்களை ஏன் விட்டுட்டீங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ருவான் லிங்யூ கட்டுரை படிச்சேன். 1930கள்ல ஷாங்காய்ல கொடிகட்டி பறந்த நடிகைக்கு மூணு பக்கம் குடுத்திருக்கீங்க, சந்தோஷம், ஆனா மூணு பக்கமும் ரெண்டு ஆம்பளைங்க, கோர்ட் கேஸ், தற்கொலைன்னே ஓடுது. பத்திரிகைக்காரங்க பண்ணதுக்கு ஒரே ஒரு வரி. அது எப்படிங்க?

1934ல ஆய் ஷியான்னு ஒரு நடிகை தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, அவங்க கதையை வெச்சுதான் ட்சாய் சூஷெங் 'புதிய பெண்கள்' படம் எடுத்தாரு, ஹீரோயின் ருவான். அதுல ஒரு கிசுகிசு நிருபர், தன் ஆசைக்கு இணங்காத பொண்ணோட பேரை பேப்பர்ல நாறடிப்பான். 1935 பிப்ரவரில படம் வந்ததும் நிஜ நிருபர்களுக்கு ரோஷம் வந்துடுச்சு, மன்னிப்பு கேளு, சீனை வெட்டுன்னு அவங்க சங்கம் நின்னுச்சு, படத்தை எடுத்த லியான்ஹுவா கம்பெனியும் பணிஞ்சு போச்சு. அதே நேரம் பார்த்து ருவானோட பழைய ஆள் ஜாங் டாமின் போட்ட கேஸ், பேப்பர்காரங்களுக்கு கேக்கணுமா, தினமும் தீனிதான். மார்ச் 9 கோர்ட்ல நிக்க வேண்டியவங்க 8ஆம் தேதியே போயிட்டாங்க, வயசு 24, அன்னைக்கு மகளிர் தினம் வேற.

இறுதி ஊர்வலத்துல அவ்ளோ கூட்டம்னு போட்டோவோட போட்டிருக்கீங்க. அந்த கிசுகிசுவை காசு குடுத்து வாங்கி படிச்சதும் அதே ஊர்க்காரங்கதானே சார்!

அவங்க கடைசியா எழுதினதா சொல்ற கடிதம் உண்மையாங்கிறதுலயே சண்டை இருக்கு, நீங்க கட்டம் கட்டி போட்டுட்டீங்க. அதுக்கு பதிலா சீன எழுத்தாளர் லூ சுன் அந்த வருஷமே எழுதினதை சொல்லியிருக்கலாம், பெரிய ஆளுங்ககிட்ட வாலை சுருட்டிக்கிற பேப்பர் கூட பலமில்லாதவங்க மேல பாயும், நடிகைன்னா பேர் இருக்கும் பவர் இருக்காது, அதனால வசதியா மாட்டுவாங்கன்னு.

இதுக்கு முன்னாடியே ஹூ தியேன்னு இன்னொரு நடிகை மாட்டினாங்க. 1931 செப்டம்பர் 18 ராத்திரி ஜப்பான்காரன் மஞ்சூரியாவுல புகுந்தப்போ சீன தளபதி ஜாங் ஷூலியாங் இவங்களோட டான்ஸ் ஆடிட்டு இருந்தாருன்னு கிளப்பி விட்டு கவிதையே எழுதிட்டாங்க, அவரை நேர்ல பார்த்ததே இல்லன்னு அந்தம்மா ஷென் பாவ் பேப்பர்ல மறுப்பு போட வேண்டியதாச்சு. 1933ல இதே மாதிரி ஒரு பேப்பர் ஓட்டெடுப்பு வெச்சு 21,334 ஓட்டுல அவங்களையே சினிமா ராணி ஆக்குச்சு பாருங்க, கூத்துதான்.

ருவான் நடிப்பை பத்தி கட்டுரைல ஒரு பத்தி கூட இல்ல. 1934ல வந்த 'தேவதை'ல பையனை படிக்க வைக்க உடம்பை விக்கிற அம்மாவா வருவாங்க, ஊமைப்படம், கண்ணுலயே எல்லாத்தையும் சொல்லிடுவாங்க. நெட்லயே கிடைக்குது, அதை பார்த்துட்டு யாராவது எழுதினா அடுத்த இதழ்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய பட ரசிகன், மதுரை