இங்கிருந்து ஒயில் அனுப்பத் தேவையில்லை

ரொறன்ரோ
தை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் டொல்பின் ஹயஸ் வானுக்கு 0டபிள்யூ-20 எஞ்சின் ஒயில் இரண்டு கான் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். அனுப்பமாட்டேன். காசைப் பார்த்துச் சொல்லவில்லை. அது உங்கள் வெயிலுக்கும் அந்த டீசல் எஞ்சினுக்கும் ஒத்துவராது.

இங்கே தை மாதத்து இரவில் சில வேளை -20 பாகைக்கும் போகும். அந்தக் குளிரில் ஒயில் பனம்பாணி மாதிரித் தடித்துவிடும். காலமை திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முக்கி முனகும்; ஒயில் மேலே ஏறும்வரை வால்வுப் பக்கம் காய்ந்தபடி உராயும். டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருக்கும் இலக்கம் இந்தக் குளிருக்கானது. 15டபிள்யூவை -20 வரையும், 5டபிள்யூவை -30 வரையும் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனிக்கு 15டபிள்யூவே தாராளம். பின்னால் வரும் 30, 40 என்பது 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. 20 மெல்லியது, அதற்கென்றே செய்த புது எஞ்சின்களுக்குத்தான் சரி.

இங்கே வாசலில் நிற்பது 2001 ரொயோட்டா சியன்னா வான், 3 லீற்றர் வி6 பெற்றோல். கைநூல் சொல்வது 5டபிள்யூ-30, பில்ட்டரோடு 4.7 லீற்றர். கடையில் 5 லீற்றர் கான்தான் கிடைக்கும். மிச்சம் கிடக்கிறதே என்று முழுவதையும் ஊற்றக்கூடாது. முதலில் 4.2 ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து ஒயில் அளவுக் கம்பியைப் பார்த்துப் பார்த்து நிரப்பவேண்டும்.

இந்த எஞ்சினுக்கு ஒயில் கரிக்களியாக உறையும் கெட்ட பெயர் உண்டு. 1997 முதல் 2002 வரை வந்த வண்டிகளுக்கு ரொயோட்டாவே திருத்தச் செலவை ஏற்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதனால் கைநூல் என்ன சொன்னாலும் 5,000 கிலோமீற்றரில் மாற்றுவதுதான் புத்தி. மூடியைத் திறந்து உள்ளே ரோச் அடித்துப் பார்: பொன்னிறம் என்றால் நல்லது, கறுப்பு ஜாம் மாதிரி ஒட்டியிருந்தால் களி. களி கண்டவுடன் அதைக் கழுவும் ஃபிளஷ் மருந்து ஊற்றுவது பெரிய பிழை. கட்டியாகக் கழன்று ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். நல்ல ஒயிலை அடிக்கடி மாற்றி மெதுவாகக் கரைப்பதுதான் வழி. குளிர்காலத்தில் மூடியின் அடியில் பால்தேநீர் நிறத்தில் நுரை கட்டும். குறுந்தூரம் ஓடுவதால் நீராவி வெளியேறாமல் படிவது. தண்ணீர் ஒயிலோடு கலக்காமல் மறிக்கும் ஹெட் கஸ்கெட் போய்விட்டதென்று உடனே பதறவேண்டாம், ஆனால் ரேடியேற்றர் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கவேண்டும்.

இனி பில்ட்டர். ஒரே அளவு மரை உள்ள பில்ட்டர் எத்தனையோ உண்டு, முறுக்கினால் ஏறும். ஏறியது என்பதற்காக அது சரியான பில்ட்டர் ஆகிவிடாது. கஸ்கெட் வளையத்தின் விட்டமும், பில்ட்டர் அடைத்தால் ஒயிலுக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தமும் வேறுபடும். வாயைப் பார்த்தால் துளைகளுக்குப் பின்னால் ஒரு றப்பர் தட்டு தெரியும். எஞ்சின் நின்றபின் ஒயில் திரும்பி வடியாமல் மறிப்பது அதுதான். மலிவானதில் அந்த றப்பர் சூட்டில் விறைத்துப்போகும். காலமை ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு மூன்று வினாடி 'கடகட' என்று கேட்டால் முதலில் அதைச் சந்தேகி. சிலிக்கன் தட்டு போட்டது நீண்டநாள் நிற்கும்.

பழையதைக் கழற்றியதும் அதன் கஸ்கெட் கையோடு வந்ததா என்று வடிவாகப் பார். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க மேலே புதியதைப் பூட்டினால், அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஒயில் முழுவதும் றோட்டில். புது வளையத்துக்கு விரலால் ஒயில் பூசி, முட்டியபின் முக்கால் சுற்று, கையால் மட்டும். அடியில் ஒயில் வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் போடு. பலமெல்லாம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

உன் ஹயஸுக்கு அங்கேயே 15டபிள்யூ-40 வாங்கு. கானின் பின்பக்கத்தில் சிஐ-4 என்று இருக்கவேண்டும். புகைக்கரியைத் தாங்கும் டீசல் ஒயில் அது. மாற்றி இரண்டு நாளில் கறுத்துப்போகும். கராஜ்காரனோடு சண்டைக்குப் போகாதே, டீசலில் அது இயல்பு. கான் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, அளந்து ஊற்றும் திறந்த ஒயில் வேண்டாம்.

பழைய பில்ட்டரில் உள்ள இலக்கத்தைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பு, சரியானதா என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவிடம் சுகம் விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணா