எதையும் வாங்குவதற்கு முன், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெண்டர், அதாவது நீ அமைத்த காட்சியைக் கம்ப்யூட்டர் படமாக்கித் தரும் வேலை, ஓடும்போது பிராசசர் 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது, வேகமும் இறங்கிக்கொண்டே போகிறது. சிஸ்டத்தைப் பார்த்தவர் பிராசசரையே மாற்றிவிடச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கண்ணு, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எதையும் வாங்காதே.

முதலில் பயத்தை விடு. உன்னுடைய ஐ7-12700 பிராசசருக்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியவில்லை என்றால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். இந்தக் காவல் உள்ளேயே இருப்பதால் சூட்டினால் பிராசசர் ஒரேயடியாகக் கெட்டுப்போவது அபூர்வம். உன் ரெண்டர் மந்தமாவதும் இதனால்தான். அதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதியை நீ பயன்படுத்தவே இல்லை, அதனால்தான் ராத்திரி தூக்கத்தையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

பிராசசரில் பிறக்கிற சூடு, அதன் மேல் பூசியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் வழியாக, ஃபேனும் உலோகத் தகடுகளும் கொண்ட கூலருக்குப் போக வேண்டும், கூலரிலிருந்து காற்றுக்கு, அந்தக் காற்று கேபினெட்டை விட்டு வெளியே. இதில் எங்கே அடைக்கிறது என்று தெரியாமல் பொருளை மாற்றுவது வீண் செலவு. கண்டுபிடிப்பதற்கு எண்ணைவிட, அந்த எண் ஏறுகிற விதம்தான் உதவும். அதனால் வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டரை ஆரம்பித்துப் பார்.

ஆரம்பித்த ஓரிரு நொடிகளிலேயே 45-லிருந்து 95-க்குத் தாவுகிறதா? நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்குகிறதா? அப்படியானால் சூடு கூலருக்கே போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம், அல்லது பிராசசர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. மாறாக, பத்து பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் இறங்க நேரம் எடுத்தால், கூலர் சூட்டை வாங்கிக்கொள்கிறது, வெளியே தள்ளத்தான் முடியவில்லை. தூசி, ஃபேன், காற்றோட்டம் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். எதுவுமே ஓடாமல் சும்மா இருக்கும்போதும் 70, 80 காட்டினால் டாஸ்க் மேனேஜரைத் திற. பின்னணியில் ஏதாவது பிராசசரைத் தின்றுகொண்டிருக்கலாம். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரையில், தெரிகிற வெப்பநிலையை இதோடு ஒப்பிடாதே. அங்கே பிராசசர் ஓய்வு நிலைக்குப் போகாது, அதனால் எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று இருக்கிறது. திரையில் 95-க்கு மேல் ஓடும்போது கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, ஃபேன் இறக்கையில் விரல் படாமல், கூலரின் அலுமினியத் தகட்டை ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பார். திரை 95 என்கிறது, தகடு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் வேறு சாட்சியே வேண்டாம், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் ஒட்டுதல் இல்லை. தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், ஒட்டுதல் சரி. அப்படியே கதவைத் திறந்தபடி ரெண்டரை ஓட விடு. வெப்பநிலை நன்றாக இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று தேங்குகிறது என்று அர்த்தம்.

உன் படத்தில் தெரிவது பிராசசரோடு பெட்டியில் வந்த கூலர். அதனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களைத்தான். ஒவ்வொரு காலிலும் நடுவில் ஒரு கறுப்பு ஊசி இருக்கும். அது மதர்போர்டின் துளை வழியாக இறங்கி, வெள்ளை நுனியைப் பிளந்து விரிக்க வேண்டும். விரியாத கால் மேலிருந்து பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே தெரியும். நன்றாக இறுக்கிவிட்டோம் என்று மாட்டியவரும் நினைத்திருப்பார். ஆனால் ஒரு கால் பிடிக்காவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் மயிரிழை தூக்கிக்கொள்ளும், அது போதும். ஒவ்வொரு மூலையாக விரலால் மெல்ல ஆட்டிப் பார். நான்கும் அசையாமல் இருக்க வேண்டும். முடிந்தால் போர்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். நான்கு துளைகளிலும் நுனி விரிந்து, நடுவில் கறுப்பு ஊசி தெரிய வேண்டும்.

ஏதாவது ஒன்று அசைந்தால் அதை மட்டும் மேலிருந்து அழுத்திச் சரிசெய்து முடித்துவிடாதே. கூலர் ஒருமுறை தூக்கிக்கொண்டால் பேஸ்ட்டுக்குள் காற்று புகுந்துவிடும். முழுதாகக் கழற்றிப் புதிதாகப் போடு. மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்று. கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கு. கால்களின் தலையில் இருக்கும் அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுகிறது, பலர் அதைப் பூட்டும் திசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் இரண்டு பக்கமும் பளபளப்பாகும்வரை துடை. புது பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். மாட்டும்போது எதிரெதிர் மூலைகளாக, இரண்டிரண்டாக அழுத்து. ஒவ்வொன்றும் டக்கென்று உட்காரும். அப்புறம் ஃபேன் ஒயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்.

உன் தோழியும் தன் சிஸ்டத்தைக் கழற்றப் போவதாகச் சொன்னாயே, அது ஏஎம்டி நிறுவனப் பிராசசருக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு என்றால் அவளிடம் இதைச் சொல்லிவிடு. கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாகத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், அடியில் இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும்.

தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே தெரியும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் அது கம்பளி போலப் படிந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள், சுழல விட்டால் பேரிங் போய்விடும். கேபினெட் ஃபேன்கள் முன்னால் உள்ளே இழுத்து, பின்னாலும் மேலும் வெளியே தள்ள வேண்டும். பிளாஸ்டிக் சட்டம் குறுக்கே ஓடுகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ரெண்டரில் 100 தொட்டால், நான் நினைப்பது வேறு. அட்டைப் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் உன் பிராசசர் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். கொஞ்ச நேரம் மட்டும் அப்படி ஓடிவிட்டு 65-க்கு இறங்க வேண்டும், ஆனால் பல மதர்போர்டுகள் அந்தக் கால வரம்பைத் தாமாகவே நீக்கி வைத்திருக்கின்றன. அந்தச் சின்னக் கூலர் 180 வாட்டை மணிக்கணக்கில் தாங்காது. பயாஸில் பவர் லிமிட் என்ற பகுதியில் நீண்ட நேர வரம்பு எவ்வளவு என்று பார். பெரிய எண் ஏதாவது, 4095 மாதிரி இருந்தால், வரம்பே இல்லை என்று பொருள். அதை 65-க்கு வை. ரெண்டர் சரியாக ஓடி, வெப்பநிலை 80-க்குள் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். வாட்டைக் குறைத்த அதே அளவுக்கு வேகம் குறையாது, கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் பிராசசர் அவ்வளவு மின்சாரம் தின்கிறது. அந்த வேகமும் உனக்கு வேண்டும் என்றால் அப்போது பெரிய டவர் கூலர் ஒன்று வாங்கு, அது நியாயமான செலவு. பிராசசரை மாற்றுவது நியாயமே இல்லை. புதியதையும் அதே கூலருக்குக் கீழேதான் மாட்டப் போகிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே காட்சியை ரெண்டர் செய். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். அறை வெப்பத்தையும் குறித்து வை. கூலரால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்க முடியாது, மதியம் பார்த்ததையும் நள்ளிரவில் பார்த்ததையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

முதலில் அந்த நான்கு கால்களைப் பார்த்துவிட்டு, போர்டின் பின்பக்கப் படத்தை எனக்கு அனுப்பு. கூலரைக் கழற்றுவதற்கு முன் கூப்பிடு, நான் வீடியோவில் கூடவே இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா