1942 ஏப்ரலில் கப்பல்களோடு இறந்தவர்களுக்குக் கொழும்பில் ஒரு நினைவுக்கல் வேண்டும்

பெறுநர்: கௌரவ துறைமுகங்கள் அமைச்சர் அவர்கள்

பொருள்: 1942 ஏப்ரல் 5 தாக்குதலில் இறந்த கப்பற்காரர்களுக்கு மும்மொழி நினைவுக்கல் அமைத்தல்

ஐயா, வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். என் அப்பா இரண்டாம் உலகப் போரில் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப் படையில் முகத்துவாரத்தில் வேலை செய்தவர். அப்பா இப்போது இல்லை. அவர் உயிரோடு இருந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை உங்களிடம் கொண்டுவரத்தான் இந்த மனு.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணி சுமாருக்கு ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்துவிட்டன. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்திருந்தவர் ஜப்பானிய அட்மிரல் நகுமோ. ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்பது முதல் நாளே தெரியும், கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடா விமானி பேர்ச்சல் அந்தக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பிவிட்டுத்தான் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். அப்படி இருந்தும் காலையில் ரேடார் எச்சரிக்கை வரவில்லை, இரத்மலானையில் விமானிகள் குண்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் மேலே ஏறினார்கள். அப்பா நின்ற இடத்தில் இருந்தது கடலில் வரும் கப்பலைச் சுடுகிற பீரங்கி. அதை வானத்தை நோக்கித் திருப்ப முடியாது. "பிளேன் எங்கட தலைக்கு மேலால போகுது, எங்கட பீரங்கி கடலைப் பாத்துக்கொண்டு நிக்குது, நாங்களும் நிக்கிறம்" என்பார். துறைமுகத்துக்குள்ளேயே டெனடோஸ் என்ற பிரித்தானிய நாசகாரிக் கப்பல் மூழ்கியது, ஹெக்டர் என்ற இன்னொரு கப்பல் எரிந்து அடியில் உட்கார்ந்தது. பயிற்சி எடுத்து, பீரங்கியைத் துடைத்து, இரவெல்லாம் காவல் இருந்த ஒருவனுக்கு அந்தக் காலையில் கையால் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறாத விஷயம்.

ஆனால் அவர் அதிகம் பேசியது துறைமுகத்துக்குள் மூழ்கிய கப்பல்களைப் பற்றி அல்ல. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்று இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள். டோர்செட்ஷயர் இங்கே திருத்த வேலைக்காக வந்து நின்ற கப்பல், அந்த வேலை முடியாமலே நிறுத்தப்பட்டது. துறைமுகத்தில் நின்றால் ஆபத்து என்று 4ஆம் திகதி இரவு இரண்டையும் வெளியே அனுப்பினார்கள். மறுநாள் பகல், இலங்கைக்குத் தென்மேற்கே நடுக்கடலில், 53 குண்டுவீச்சு விமானங்கள் இருபது நிமிடத்துக்குள் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள். மிச்சம் 1,122 பேர் மறுநாள் மாலை வரைக்கும், எண்ணெய் படிந்த தண்ணீரில், சுறாவுக்கும் வெயிலுக்கும் நடுவில் மிதந்து கிடந்து காப்பாற்றப்பட்டார்கள். போர்க்கால ரகசியம் என்பதால் கரையில் இருந்த அப்பா போன்றவர்களுக்கு இது பிறகுதான் தெரியவந்தது. கோட்டைத் தெருக்களில் நடந்து திரிந்த, தேநீர்க் கடையில் பார்த்த பையன்கள் அவர்கள். உள்ளே நின்றவனும் செத்தான், தப்பட்டும் என்று வெளியே அனுப்பப்பட்டவனும் செத்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்.

நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து விமானம் ஒன்றுகூட இல்லாமல் வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேரோடு போனது. அதில் பிழைத்தவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் கொழும்புக்குத்தான் கொண்டுவந்தது.

சரி, இவ்வளவு நடந்த ஊரில் என்ன இருக்கிறது? போர்க்காலத்தில் கரையில் இறந்த படையினர் பலருக்கு லிவராமெண்டு மயானத்தில் கல்லறை உண்டு. கடலோடு போனவர்களின் பெயர்கள் பிளிமத், சதம், போர்ட்ஸ்மத் என்று இங்கிலாந்துத் துறைமுக நகரங்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பலர் கடைசியாகக் கால் வைத்த தரை கொழும்பு. இங்கே, பொதுமக்கள் போய் நிற்கக்கூடிய இடத்தில், அந்தக் கப்பல்களின் பெயரைச் சொல்லும் ஒரு கல்லை நான் காணவில்லை. இந்த ஊரில் உயிர்த்த ஞாயிறு என்றால் இப்போது எல்லோருக்கும் 2019 குண்டுவெடிப்புகள்தான், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அந்த வலி எனக்கும் தெரியும். அதனாலேயே முந்திய உயிர்த்த ஞாயிறு ஒன்று முற்றாக மறக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் வெள்ளைக்காரர், நமக்கென்ன என்று சிலர் கேட்பார்கள். அன்று துறைமுகத்தில் வேலை செய்தவர்களும், பீரங்கி நிலைகளில் நின்றவர்களில் பலரும் இந்த நாட்டுத் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர். அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நான் கேட்பது பெரிய மண்டபம் அல்ல. கோட்டை சைத்திய வீதியில், துறைமுக அதிகாரசபையின் கடல்சார் நூதனசாலைக்குப் பக்கத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் போய்ப் பார்க்கிற மாதிரி ஒரு கல். அதில் டெனடோஸ், ஹெக்டர், டோர்செட்ஷயர், கோர்ன்வால், ஹேர்மிஸ் என்ற பெயர்களும் திகதிகளும், அன்று கடமையில் இருந்த இலங்கைப் படையினரையும் துறைமுகத் தொழிலாளரையும் பற்றி ஒரு வரியும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும், தமிழ் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம், என் அப்பாவைப் போன்றவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனதை அவர்கள் பிள்ளைகளிடமிருந்து பதிவு செய்து நூதனசாலையில் வைக்க ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது, இதைத் தள்ளிப்போட முடியாது.

2027 ஏப்ரல் 5 அன்று 85 ஆண்டு நிறைகிறது. அதற்குள் கல்லை நடமுடியும். அப்பாவின் படைச் சம்பளப் புத்தகமும் இரண்டு புகைப்படங்களும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் நூதனசாலைக்கே கொடுத்துவிடுகிறேன். எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பீரங்கிப் படைவீரர் ஒருவரின் மகன்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13